தனுஷ்கோடியில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ராமேஸ்வரம் தீவிலிருக்கும் தங்கச்சிமடத்துக்காரன். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்களோ நண்பர்களோ வந்தால் தனுஷ்கோடிக்குக் கூட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் என் பொறுப்பில் வந்துவிடும். யார் வந்தாலும் வழியில் கேட்கிற கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. என் மதினியின் சொந்த ஊர் தனுஷ்கோடியை ஒட்டிய பாலம் என்ற குடியிருப்பு. அவர் கூடவே உட்கார்ந்திருக்கும்போது, "அது ஆளே இல்லாத ஊராமே" என்று பின்சீட்டிலிருந்து கேட்டவர்கள் உண்டு. மதினி ஒன்றும் சொல்ல மாட்டார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அதைப் பலமுறை பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தனுஷ்கோடின்னா ராமேஸ்வரம்தானே? ரெண்டும் ஒண்ணா?

தீவு ஒன்றுதான், ஊர் வேறு. ரயிலிலோ பஸ்ஸிலோ பாலத்தைக் கடந்தால் முதலில் பாம்பன், அப்புறம் தங்கச்சிமடம், அதற்கப்பால் கோயில் இருக்கிற ராமேஸ்வரம். அங்கிருந்து தீவு தென்கிழக்காக வால் மாதிரி மெலிந்துகொண்டே போகும். அந்த வாலில்தான் தனுஷ்கோடி, ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். வாலின் நுனி அரிச்சல்முனை, இன்னும் நாலரை ஐந்து கிலோமீட்டர் தள்ளி. சில இடங்களில் ரோட்டில் நின்றபடியே இரண்டு பக்கமும் கடலைப் பார்க்கலாம்.

தனுஷ் என்றால் வில், கோடி என்றால் நுனி. இலங்கையிலிருந்து திரும்பும்போது விபீஷணன் கேட்டுக்கொண்டதால் ராமர் வில்லின் நுனியால் சேதுவை உடைத்தார் என்பது ஐதீகம், பெயர் அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

அது பேய் நகரம், யாருமே இல்லைன்னு வீடியோல எல்லாம் சொல்றாங்களே?

இருக்கிறார்கள். சில நூறு பேர், மீனவக் குடும்பங்கள், அங்கேயே பிறந்து அங்கேயே கல்யாணம் செய்து அங்கேயே பிள்ளை வளர்க்கிறவர்கள். பாலம், கம்பிப்பாடு என்று குடியிருப்புகளுக்குப் பெயர் இருக்கிறது. வீடுகள் பெரும்பாலும் பனையோலையும் தென்னங்கீற்றும் வேய்ந்தவை, கூரை தாழ்வாக இருக்கும், காற்றுக்கு அப்படித்தான் கட்ட முடியும். சவுக்கும் பனையும் மறைத்துக்கொள்வதால் காரில் போகிறவர் கண்ணில் படாது.

வீடியோ எடுக்கிறவர்கள் கேமராவை 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் பக்கமே திருப்பி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு நேர் எதிரே சங்கும் சிப்பியும் மீன் பொரியலும் விற்கிற பெண்கள் வரிசையாக இருக்கிறார்கள், அவர்கள் ஒரு காட்சியில்கூட வருவதில்லை. ஆளில்லாத ஊரில் உங்களுக்கு மீன் பொரித்துத் தருவது யார் என்று ஒரு நிமிடம் யோசித்தால் இந்தக் கேள்வியே வராது.

1964ல அப்படி என்னதான் நடந்தது?

டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு மண்டலம் கடும் புயலாகி, 22ஆம் தேதி இலங்கையில் வவுனியா பக்கமாகக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடி மேல் வந்து விழுந்தது. காற்றைவிடக் கடல்தான் அதிகம் கொன்றது. ஏழு மீட்டர் உயரத்துக்குக் கடல் எழும்பி வந்ததாகச் சொல்லப்படுகிறது. தீவின் அந்தப் பகுதியில் அவ்வளவு உயரமான நிலமே கிடையாது.

பாம்பனிலிருந்து இரவு 11.55க்குக் கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது அலையில் போனது. அதில் 110 பயணிகளும் ஊழியர்கள் 5 பேரும் இருந்ததாகக் கணக்கு. ஒருவரும் பிழைக்கவில்லை. புயலில் மொத்தமாக இறந்தவர்கள் 1800 பேருக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களும் பெரும்பாலானவை கடலில் விழுந்தன, பின்னாளில் டெல்லி மெட்ரோவால் பெயர் பெற்ற ஈ. ஸ்ரீதரன் அப்போது இளம் பொறியாளர், அவர் பொறுப்பில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். பாலம் எழுந்தது, தனுஷ்கோடிக்கான ரயில் பாதை எழவில்லை.

மதினியின் அம்மாவுக்கு, நான் அத்தை என்று கூப்பிடுவேன், அப்போது ஆறு வயது. அவர் அப்பா அவரை முதுகில் போட்டுத் துண்டால் கட்டிக்கொண்டு ஒரு மணல்மேட்டில் ஏறியிருக்கிறார். அத்தைக்கு நினைவில் இருப்பது அலையோ சத்தமோ இல்லை, அந்தத் துண்டு நனைந்து இறுகி நெஞ்சை அறுத்ததுதான். அதை மட்டும் சொல்வார், மீதியைச் சொல்ல மாட்டார்.

அதுக்கு முன்னாடி அது பெரிய ஊரா?

மக்கள்தொகையில் பெரிய ஊர் என்று சொல்ல முடியாது, ஆனால் முக்கியமான ஊர். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் நேராகத் தனுஷ்கோடி, அங்கே இறங்கினால் கப்பல், மறுகரையில் தலைமன்னார், அங்கே காத்திருக்கும் ரயிலில் ஏறினால் கொழும்பு. ரயில், கப்பல், மறுபடி ரயில், எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, மருத்துவமனை, சத்திரம், கோயில், தேவாலயம் எல்லாம் இருந்தன. தோட்ட வேலைக்குப் போனவர்கள், வியாபாரிகள், சேதுவில் நீராட வந்த யாத்ரீகர்கள் என்று எத்தனையோ குடும்பங்களின் கதையில் இந்த ஊர் ஒரு வரியாவது வரும்.

புயலுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போனது. 1980களின் நடுவில் இலங்கைப் போரோடு அதுவும் நின்றது.

வாழத் தகுதியில்லாத இடம்னு அரசாங்கமே சொல்லியாச்சு. அப்புறம் ஏன் திரும்பி வந்தாங்க?

புயலுக்குப் பின் அரசு அப்படி அறிவித்தது உண்மை. வேறு இடத்தில் குடியமர்த்தவும் செய்தார்கள். ஆனால் கரைவலை இழுக்கிறவருக்கு வேலை கரையில்தான், அந்தக் கரை இங்கே இருக்கிறது. மீன் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஒதுங்கும், எந்த இடத்தில் வலையைக் கிழிக்கிற கல் கிடக்கும் என்பதெல்லாம் ஒரே கரையில் தலைமுறை தலைமுறையாக நின்றவருக்குத்தான் தெரியும். அதை எடுத்துக்கொண்டு இன்னொரு ஊரில் போய்ப் பிழைக்க முடியாது. முதலில் சீசனுக்கு மட்டும் வந்து குடிசை போட்டார்கள், அப்புறம் தங்கிவிட்டார்கள்.

அந்த அறிவிப்பின் விளைவு இன்றுவரை அவர்கள் தலையில் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். வாழத் தகுதியில்லாத இடம் என்று ஏட்டில் இருந்தால் பட்டா கிடையாது, பட்டா இல்லாமல் கல்வீடு கிடையாது, கம்பி இழுத்து மின்சாரம் கேட்பதும் கஷ்டம். ஏட்டில் இல்லாத ஊரில் ஏட்டில் இருக்கிற மக்கள், ஆதாரும் ஓட்டும் உள்ளவர்கள், வாழ்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. புயல் அபாயம் உண்மைதான், அதற்காக அறுபது வருடத்துக்கு மேல் ஒரு ஊரைப் பாதி இருப்பதாகவும் பாதி இல்லாததாகவும் வைத்திருப்பது சரியில்லை.

சுத்தி உப்புத்தண்ணி. குடிக்க என்ன பண்றாங்க?

எனக்குப் பிடித்த கேள்வி இது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலில் மூன்று நான்கு அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஊற்று என்பார்கள். தண்ணீர் இனிக்கும் என்றே சொல்லலாம்.

இதில் அதிசயம் என்று சொல்வதைவிடக் காரணம் தெரிந்துகொள்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை மணலில் அப்படியே இறங்கிவிடும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, அதனால் அடியில் இருக்கிற கடல்நீர் மேல் மெல்லிய பாளமாக மிதந்துகொண்டு நிற்கும். அந்தப் பாளம் வரை தோண்டினால் குடிநீர். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ மோட்டார் போட்டு உறிஞ்சினாலோ அடியிலிருக்கும் உப்பு மேலே வந்துவிடும், பிறகு அந்த ஊற்று கெட்டதுதான்.

அதனால் அள்ளுகிற விதமே தனி. அத்தை குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, சிரட்டையைச் சாய்த்து, மேல்தண்ணீரை மட்டும் மணல் கலங்காமல் அள்ளிக் குடத்தில் ஊற்றுவார். நாலு சிரட்டை அள்ளிவிட்டு நிறுத்துவார், மறுபடி ஊற விடுவார். ஒரு குடம் நிறைய நேரமாகும், அதுவரை பேச்சு நடக்கும். ஓரம் சரியாமல் இருக்கச் சில ஊற்றுகளில் சிமெண்ட் உறையோ பழைய டிரம்மோ இறக்கியிருப்பார்கள். கோடை முற்றினால் நீர் உவர்ப்புத் தட்டும், அப்போது வேறு இடம் பார்த்துத் தோண்டுவார்கள். பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அந்தக் குழியில் கை கால் கழுவாதீர்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கரைவலைன்னா என்ன? படகுல போய்தானே மீன் பிடிப்பாங்க?

படகும் உண்டு, ஆனால் மீன் வந்து சேர்வது கரையில். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் ஆட்களிடம் கொடுத்துவிட்டு, வலையை ஏற்றிய வள்ளம் கடலுக்குள் அரைவட்டமாகச் சுற்றி வலையை இறக்கிக்கொண்டே வந்து, மறுமுனைக் கயிற்றைக் கொஞ்ச தூரம் தள்ளிக் கரையில் சேர்க்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். வலையின் நடுவில் பை மாதிரி இருப்பது மடி. மீன் எல்லாம் மடிக்குள் ஒதுங்கும். ஒரு வலை இழுத்து முடிக்கச் சில மணி நேரம் ஆகும், இருபது முப்பது பேர் தேவைப்படும், பெண்களும் வயதானவர்களும் இழுப்பார்கள். கயிற்றை இடுப்பில் கட்டிய வாரில் மாட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து அடிமேல் அடி வைத்துப் பின்னால் நடப்பார்கள். இழுக்கும்போது பாடுவது அம்பாப் பாட்டு. இப்போது இளைஞர்கள் அதிகம் பாடுவதில்லை.

மடி கரையேறும் நேரத்தில் பக்கத்தில் இருந்து பாருங்கள். முதலில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி துள்ளும், பறவைகள் தலைக்குமேல் வந்துவிடும், அப்புறம் ஒரே வெள்ளி. சூடை, நெத்திலி, காரல், சாளை, அதிர்ஷ்டம் இருந்தால் பாறை மீனும் சீலாவும். சில நாள் மடியில் பாசியும் சொறி என்கிற ஜெல்லிமீனும் மட்டும்தான் இருக்கும். அன்றைக்கும் இழுத்த உழைப்பு அதேதான். கிடைத்ததை வலைக்கு, வள்ளத்துக்கு, ஆளுக்கு என்று பங்கு போடுவார்கள். விற்றது போக மீதி மணலிலேயே காய்ந்து கருவாடாகும்.

ஆண்கடல், பெண்கடல்னு சொல்றாங்களே, எது எது?

வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் பெண்கடல், பொதுவாக ஆழம் குறைவு, அலை குறைவு. தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல், அலை பெரிது. ஆனால் வருடம் முழுக்க இப்படியே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். வாடைக்காற்று அடிக்கிற மழைக்கால மாதங்களில் பெண்கடல் கொந்தளிக்கும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் நேர்மாறு. இதனால்தான் இங்கே ஒரு வசதி: எந்தக் காலத்திலும் ஏதாவது ஒரு பக்கம் வலை வைக்க முடியும். பருவம் மாறும்போது வள்ளத்தையும் வலையையும் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு மாற்றிக்கொள்வார்கள், சில நூறு மீட்டர்தானே. முந்தைய கேள்வி ஒன்றில் ஏன் திரும்பி வந்தார்கள் என்று கேட்டீர்கள், அதற்கு இதுவும் ஒரு பதில்.

கரண்ட், ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கா?

கம்பி வழி மின்சாரம் இல்லாமலே பல பத்தாண்டுகள் போயின, சூரியத் தகடு வந்தபின் விளக்கும் போன் சார்ஜும் நடக்கிறது. நடுநிலைப்பள்ளி ஒன்று இருக்கிறது, எட்டாம் வகுப்பு வரை படிக்கலாம், அதற்குமேல் ராமேஸ்வரம்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் ராமேஸ்வரம்தான். ரோடு வருவதற்கு முன் பிரசவ வலி வந்த பெண்களை மீன் வண்டியில், மணலில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோனார்கள். மதினியே அப்படி ஒரு மீன் வேனில், நெத்திலிக் கூடைகளுக்கு நடுவில் பிறந்தவர்.

ரோடு போட்டது நல்லதா கெட்டதா?

2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் ரோடு திறந்தார்கள். புயல் பாதையை அழித்து 53 வருடம் கழித்து. அதற்கு முன் நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய வேன்கள்தான் மணலிலும் சேற்றிலும் போகும், என் சித்தப்பா அதில் ஒன்று ஓட்டினார். ரோடு வந்ததும் அந்தத் தொழில் முடிந்தது. அவரே ரோட்டை நல்லது என்றுதான் சொல்கிறார், முந்தைய பதிலில் சொன்ன பிரசவக் காரணத்தால்.

கெட்டது என்றால் குப்பை. ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ப் பாருங்கள், தண்ணீர் பாட்டிலும் பிளாஸ்டிக் தட்டும் காற்றில் உருண்டு கரைவலை இழுக்கிற இடத்துக்கு வந்து மடிக்குள் சிக்குகிறது. கடைகள் வந்ததால் பெண்கள் கையில் கொஞ்சம் காசு புழங்குகிறது, அது பெரிய விஷயம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ரோடு வந்தது நல்லதுதான், வருகிறவர்கள் மாற வேண்டும்.

எப்படிப் போறது? ராத்திரி தங்கலாமா?

ராமேஸ்வரம் பேருந்து நிலையத்திலிருந்து அரசுப் பேருந்து இருக்கிறது. ஆட்டோ, கார், பைக் எல்லாம் போகும். காலையிலேயே போனால் வெயிலும் கூட்டமும் குறைவு, கரைவலையும் பார்க்கலாம்.

ராத்திரி தங்க முடியாது. மாலை ஆறு மணி வாக்கில் வெளியூர் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், காற்று கடுமையாக இருந்தால் இன்னும் முன்னாலேயே. விடுதியும் கிடையாது. வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள்.

ராத்திரி விடாததுக்குக் காரணம் பேய்தானே?

இல்லை. விளக்கில்லாத மணல்வெளி, இரண்டு பக்கமும் கடல், பக்கத்தில் கடல் எல்லை, கடத்தல் கண்காணிப்பு, இவைதான் காரணம். ராத்திரியில் அங்கே சில நூறு பேர் தூங்குகிறார்கள் என்பதை இரண்டாவது கேள்வியிலேயே சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1964இல் இறந்தவர்களில் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தத் தீவில் இன்னும் இருக்கிறார்கள். இறந்தவர்களை வைத்துப் பேய்க்கதை சொல்லி வீடியோ போடுவது எங்களுக்கு வலிக்கிறது.

அரிச்சல்முனையில குளிக்கலாமா? சேதுவுல குளிச்சாத்தான் புண்ணியம்னு சொல்றாங்க.

அரிச்சல்முனையில் வேண்டாம். பெயரிலேயே அரிப்பு இருக்கிறது. இரண்டு கடலின் நீரோட்டமும் சேர்கிற இடம், கால் வைத்த மணல் அப்படியே கீழே இழுபடும், முனையின் உருவமே காற்றுக்காலத்துக்கு ஏற்ப வளையும். போன முறை நீங்கள் நின்று போட்டோ எடுத்த திட்டு இந்த முறை கடலாக இருக்கலாம். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், நீந்தத் தெரிந்தவர்களின் உயிரும் போயிருக்கிறது.

காசிக்குப் போய்வந்தவர்கள் சேதுவில் நீராடுவது பழைய வழக்கம், அதை நான் தடுக்கவில்லை. உள்ளூர்க்காரர்களிடமோ புரோகிதரிடமோ கேட்டு அன்றைக்கு அடங்கியிருக்கும் கடல் பக்கம், முழங்கால் ஆழத்தில் தலைக்கு நீர் அள்ளி ஊற்றிக்கொண்டால் போதும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தமும் இருக்கவே இருக்கிறது. போகிற வழியில் கோதண்டராமர் கோயில் வரும், விபீஷணன் சரணடைந்த இடம் என்பார்கள், 1964 புயலில் நின்ற கட்டடங்களில் அதுவும் ஒன்று. அதையும் பார்த்துவிடுங்கள்.

அங்கேருந்து இலங்கை தெரியுமா?

பகலில் வெறும் கண்ணுக்குத் தெரியாது. தலைமன்னார் இருப்பது சுமார் 29 கிலோமீட்டரில். பூமி உருண்டை என்பதால் மணலில் நிற்கிற ஒருவர் கண்ணுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்கும் உள்ளேதான். அதற்கு அப்பால் இருப்பதில் உயரமானது மட்டும்தான் தலைகாட்டும், மன்னார்க் கரையோ தட்டையான நிலம். தொலைநோக்கிக் கண்ணாடி வாடகைக்குக் கொடுத்து இலங்கையைக் காட்டுகிறேன் என்றால் நம்பாதீர்கள், பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது நடுவிலிருக்கும் மணல் திட்டு. இரவில் கடலுக்குப் போகிறவர்கள் மறுகரை வெளிச்சம் பார்ப்பதுண்டு. சில நேரம் போனில் இலங்கை சிக்னல் பிடிக்கும், ரோமிங்கை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ அந்தத் திட்டு வழியா நடந்தே போயிடலாமா?

முடியாது. திட்டுகள் தொடர்ச்சியாக இல்லை, இடையில் ஆழமான கால்வாய்கள், இழுப்பு பலமான நீரோட்டம். சில திட்டுகள் இந்தியப் பக்கம், மீதி இலங்கைப் பக்கம், நடுவில் சர்வதேச எல்லை. நீச்சல் வீரர்கள் அனுமதி வாங்கிப் படகுத் துணையோடு தலைமன்னாரிலிருந்து நீந்தி வருகிறார்கள், அது வேறு.

இந்தத் திட்டுகளை வேடிக்கையாகவே பேசிப் பழகியவர்களுக்கு ஒன்று. 1983க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்தவர்கள் பலர் முதலில் கால் வைத்தது இந்தக் கரையில். 2022இல் இலங்கையில் பொருளாதாரம் நொறுங்கியபோதும் குடும்பங்கள் வந்தன. படகுக்காரர்கள் இருட்டில் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், குழந்தையோடு, நிழல் என்று ஒன்றில்லாத மணலில், கடலோரக் காவல் படை வந்து மீட்கும் வரை அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் மண்டபம் அகதிகள் முகாம். பாலம், கம்பிப்பாட்டுக்காரர்கள் அப்படி வந்தவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்ததைச் சத்தமில்லாமல் சொல்வார்கள். அந்தத் தண்ணீர் எது என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தச் சர்ச் கல்லு ஒண்ணு ஞாபகத்துக்கு எடுத்துட்டு வரலாமா?

கூடாது. அது செங்கல்லில்லை, பவளப்பாறையை அறுத்துச் சுண்ணாம்பு வைத்துக் கட்டியது. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் தெரியும், ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஒரு உயிர் இருந்தது. காற்றும் உப்பும் ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கின்றன, சுவர்களில் சில விழுந்துவிட்டன, ஆளுக்கொரு கல் என்றால் எதுவும் மிஞ்சாது. சுவரில் பெயர் எழுதவும் வேண்டாம். பார்த்துவிட்டு வாருங்கள்.

பிங்க் கலர் பறவை வரும்னாங்க, எப்போ?

பூநாரை. மழைக்குப் பின், குளிர் மாதங்களில் உப்பங்கழிப் பக்கம் கூட்டமாக நிற்கும். 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு இந்தப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. ட்ரோன் பறக்கவிட்டு விரட்டாதீர்கள். தை, மாசி, பங்குனியில் இரவில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும், வனத்துறை அவற்றைச் சேகரித்து வேலிக்குள் வைத்துப் பொரித்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. முட்டை இருக்கும் இடத்தை வனத்துறைக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மீனவர்கள்தான்.

ரயில் மறுபடி வருமா?

ராமேஸ்வரத்திலிருந்து 17 கிலோமீட்டருக்குப் பாதை போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். கடலோரச் சூழல் கெடும் என்று மாநில அரசு ஒப்புக்கொள்ளவில்லை, திட்டம் நகரவில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது ராமேஸ்வரம் வரைதான்.

இன்னொரு 64 வந்தா என்ன பண்ணுவாங்க?

இப்போது எச்சரிக்கை முன்கூட்டியே வருகிறது. பாம்பனில் எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது தீவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். புயல் என்றால் தனுஷ்கோடி ஆட்களை ராமேஸ்வரத்துக்கு ஏற்றிவிடுவார்கள், ரோடு இருப்பதால் சீக்கிரம் முடிகிறது. உயிர் தப்பும். குடிசையும் வலையும் வள்ளமும்தான் கேள்வி. வலையை விட்டுவிட்டு வர மனம் வராமல் கடைசி வண்டி வரை நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது பிடிவாதம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், அந்த வலையின் விலை பல பேர் சேர்ந்து வாங்கிய கடன்.

அங்க ஒரு சின்ன இடம் வாங்கி ரிசார்ட் மாதிரி போடலாமா?

அங்கேயே பிறந்தவர்களுக்கே பட்டா இல்லை என்பதை மேலே படித்திருப்பீர்கள். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் இருக்கின்றன. இடம் இருக்கிறது என்று யாராவது பத்திரத்தைக் காட்டினால் பணம் கொடுக்காதீர்கள்.

நாங்க போனா அவங்களுக்கு ஏதாவது உதவியா இருக்கணும். என்ன செய்யலாம்?

அங்கேயே சாப்பிடுங்கள். மீனைத் தேர்ந்தெடுத்தால் கண்முன் மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள், விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்டபின் அடித்துப் பேசாதீர்கள். கருவாடு வாங்குவதாக இருந்தால் நெத்திலி வாங்குங்கள், மணல் உதறிப் பார்த்து. சங்கு, சிப்பி வாங்கும்போது பவளத் துண்டு, கடல் குதிரை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது சட்டப்படி குற்றம், விற்றவருக்கும் உங்களுக்கும். பழைய துணி மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டாம், யாரும் கேட்கவில்லை.

குழந்தைகளைப் போட்டோ எடுக்கும் முன் வீட்டாரிடம் கேளுங்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால், கேட்டுவிட்டு நீங்களும் ஒரு கை பிடிக்கலாம், பெரும்பாலும் சரி என்பார்கள், கயிறு உள்ளங்கையைக் காய்ச்சிவிடும், துண்டு சுற்றிக்கொள்ளுங்கள். மடி கரையேறியதும் கூட இழுத்த உங்களுக்கும் நாலு மீன் எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் பங்கு.